கண்ணாடித் தொட்டியில் நீர்மேல் நெருப்பு

“டீச்சர், இதை நீங்களா வெட்டினீங்க?”

ஞானராஜ் சார் அப்படிக் கேட்டபோது, அவர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடிப்படியில் கால் வைத்தவளை நிறுத்தி, பின்கட்டு அறைக்குள் அழைத்துப் போனார். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஆள் படுக்கிற நீளம். இரும்புச் சட்டம் போட்டு, மூலைகளில் தண்ணீர் கசியாமல் பட்டி வைத்துப் பூசியது. அதற்குள் தண்ணீரும், தண்ணீருக்குள் சிவப்புச் செடிகளும். ஒரு மீன்கூட இல்லை.

காலையில் அவர் வேலைக்குப் போகும்போது அந்தச் செடிகள் நீர்மட்டத்தை முட்டி, மடங்கிப் படுத்துக் கிடந்தனவாம். இப்போது அவை பாதி உயரத்தில் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய நுனிகளின் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, லேசாகச் சாய்த்து, முன்பக்கம் வரிசையாக நட்டிருந்தது. பழகிய கை செய்த வேலை அது.

“நான் இந்த அறைக்குள்ளயே இப்பத்தான் சார் வாரேன்” என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அப்ப அவதான்” என்றார். “வந்திருக்கா.”

தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம் காய்ந்த அடையாளம் பின்வாசல் வரைக்கும் போயிருந்தது. புழுக்கம் தாங்காத அறை அது. நான் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

உப்பு ஊரில் நல்ல தண்ணீர்

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு இயற்கை விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். ‘கல்யாணமான புதிதில் புருஷனை விட்டுவிட்டா போனீர்கள்?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். விட்டுவிட்டெல்லாம் போகவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆறுமுகநேரியில் ஆலை வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து, திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். நடுவில் ஐந்து நாள் நான் தனி.

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஞானராஜ் சார் அந்த வேலையில் ஒரு கான்ட்ராக்டரிடம் டிராப்ட்ஸ்மேன். நாற்பது வயதிருக்கும். சாத்தான்குளத்துப் பக்கத்து மனிதர், வீட்டில் தனியாள். வேதக்கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விடுவார். மாடிக்குப் படி வெளியே தனியாக இருந்ததால், எங்கள் வீட்டில் யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாயில் விட்டால் கரிக்கும். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நேரத்துக்குத் தெருவே குடத்தோடு நிற்கும். அந்தத் தண்ணீரில் தினம் இரண்டு வாளி பிடித்துவந்து இவர் தொட்டியில் ஊற்றுவார். குடிக்க ஒரு குடம் குறைந்தாலும் குறையும், தொட்டிக்குக் குறையாது. பைத்தியம் என்று தெருவில் சொன்னார்கள்.

செடிகளைப் பற்றிக் கொஞ்சம்

அவற்றில் பாதி, நம் தாமிரபரணி வயல்களில் களை என்று பிடுங்கி வரப்பில் எறிகிறவைதான். ஒன்றின் பெயர் நீர்மேல் நெருப்பு. இலையை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்பளிக்கும். வயலில் பார்த்தால் தண்டு மட்டும் செம்மை ஓடிய சாதாரணப் பச்சைச் செடி. முழுக்கத் தண்ணீருக்குள் வைத்து, நல்ல வெளிச்சமும் அடியில் இரும்புச் சத்துள்ள மண்ணும் கொடுத்தால், நுனி வரவர நிறம் மாறி ரத்தச் சிவப்பாகிவிடும். இன்னொன்று மெல்லிய இலை, ரோஸ் நிறம். அதற்கு ஊரில் யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

வளர்ப்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. நுனி மேலே வந்ததும் கணு பார்த்து வெட்டி, அந்த நுனியை மறுபடி நட வேண்டும். விட்டுவிட்டால் அடித்தண்டு கறுத்து அழுகும்.

அந்த அறையின் கூரையில், தொட்டிக்கு நேர் மேலே, இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்திருந்தார்கள். அறை நாள் முழுக்க இருட்டு. உச்சிப்பொழுதில் மட்டும் வெயில் ஒரு தூண் மாதிரி தொட்டிக்குள் இறங்கும். அப்போது இலைகளிலிருந்து காற்று முத்து முத்தாகக் கிளம்பும். அறைச் சுவரெல்லாம் சிவப்பாக ஆடும். மூடின அறைக்குள் எதுவோ மூச்சு விடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் தகப்பனார் சங்கு குளிக்கப் போகிறவர். அவரிடம் ஒருநாள் இந்தச் செடிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. “ஆழத்துல சிவப்புன்னே ஒண்ணு கிடையாது டீச்சர்” என்றார். “கையில வெட்டுப்பட்டா ரத்தம் கறுப்பாத்தான் வரும். மேல வந்தாத்தான் அது ரத்தம்னே தெரியும்.” அதைக் கேட்ட பிறகு அந்த அறைச் சுவரை எனக்குச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

எஸ்தர்

அவளைப் பற்றி ஞானராஜ் சாரே சொன்னார்.

எஸ்தர் அவர் மனைவி. செடிகளை வயல் வயலாகத் தேடிச் சேர்த்தவள் அவள்தான். கண்ணாடித் தொட்டியில் நடுவதற்கு முன் நாற்று வளர்க்க முற்றத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தாள். முழங்கால் உயரம்கூட இல்லை. அவர்களுடைய ஒரே பிள்ளை, இரண்டு வயதுப் பையன், ஒரு மத்தியானம் அதில் விழுந்துவிட்டான். எஸ்தர் அடுக்களையில் இருந்திருக்கிறாள். சத்தமே கேட்கவில்லை.

“அந்தத் தொட்டிய அன்னைக்கே கடப்பாரையால உடைச்சிட்டேன்” என்றார். “ஆனா அவளை நான் திட்டல டீச்சர். ஒரு வார்த்தை சொல்லல.”

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் வீட்டைவிட்டுப் போனாள். பழைய துறைமுகத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும் பாலத்தில் அவளுடைய செருப்பு மட்டும் கிடைத்தது. மீனவர்கள் மூன்று நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. இறந்துவிட்டாள் என்று கோவிலில் ஜெபம் நடத்தினார்கள்.

அதற்குப் பிறகு இவர் கண்ணாடித் தொட்டியை விடவில்லை. தண்ணீர் ஊற்றத் தெரியுமே தவிர, வெட்டி நடத் தெரியாது. செடிகள் அழுகத் தொடங்கின. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் எல்லாம் வெட்டி நட்டிருக்கிறது. வீடு பூட்டியது பூட்டியபடி. அன்றிலிருந்து மாதம் ஒருதரமாவது அப்படி நடக்கிறது.

“பயமா இல்லையா சார்?”

“எனக்கா?” சிரித்தார். “அவ தனியா வந்து தனியா போறாளேன்னுதான் இருக்கு. எத்தனை நாளைக்கு நான் இங்கன இருந்து பாத்துக்கிட்டே இருக்க? பாலம் ஒண்ணும் தூரமில்லையே.”

அதைச் சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போனார். நான் அன்றிரவு விளக்கை அணைக்காமல் படுத்தேன். ஆவிக்குப் பயந்து அல்ல, அவருக்குப் பயந்து.

செம்மண்

அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டுக் காட்டினார். இந்த முறை நான் செடிகளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். தொட்டியின் காலோரம் பொடிப்பொடியாகச் சிவப்பு மண் சிந்தியிருந்தது. தொட்டிக்குள், புதிதாக நட்ட செடிகளின் அடியில், அதே மண் உருண்டை உருண்டையாக மணலுக்குள் திணித்திருந்தது.

நான் நாசரேத்துக்காரி. எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியின் மண்ணை எனக்கு அடையாளம் தெரியாதா? தூத்துக்குடி மண் வெளிறிய உப்பு மண். இது உடன்குடிப் பக்கத்துத் தேரியிலிருந்து யாரோ பொட்டலம் கட்டி எடுத்து வந்தது.

ஆவி பஸ் ஏறி மண் கொண்டுவருமா? அதை நினைத்தபோது பயம் குறையவில்லை, கூடிற்று. உயிருள்ள யாரோ, ஆளில்லாத வீட்டுக்குள் மாதாமாதம் வந்து போகிறார்கள்.

உச்சி வேளை

காலாண்டுப் பரீட்சை நாள். பதினொன்றரைக்கே பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பின் சந்து தெரியும். வெயிலில் சந்து வெளுத்துக் கிடந்தது. காக்கைகூட இல்லை. பின்வாசல் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது.

ஏன் இறங்கிப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கத்தியிருக்கலாம், பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

தலையில் முக்காடு போட்ட ஒருத்தி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு நின்றாள். மேலே இருந்து வெயில் தூண் அவள்மேல் இறங்கியிருந்தது. அவள் புடவை, சுவர், என் கை, எல்லாம் சிவப்பாக ஆடின. 

அவள் திரும்பாமலே சொன்னாள். “கதவச் சாத்துங்க. தூசி விழுது.”

சாத்தினேன். சாத்திவிட்டு அவள் கால்களைத்தான் பார்த்தேன். தரையில் நன்றாகப் பாவியிருந்தன. கணுக்கால் வரைக்கும் தேரிப் புழுதி.

“எஸ்தரக்காவா?” என்றேன்.

கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்தாள். மெலிந்த முகம், காது ஓரம் நரை. “மாடில குடியிருக்க டீச்சர்தானே? கொடியில துணி காயுதத போன மாசமே பாத்தேன்” என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

“நான் சாவப் போகல டீச்சர். பாலத்துல கொஞ்ச நேரம் நின்னேன், அவ்வளவுதான். செருப்பு வார் அறுந்துபோச்சி. அங்கனயே போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். உடன்குடிப் பக்கம் ஒரு பிள்ளைக விடுதியில சமையல் வேலை கிடைச்சுது. பத்து நாள் கழிச்சுத்தான் தெரியும், எனக்கு இங்கன ஜெபம் நடத்தி முடிச்சிட்டாவன்னு. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“சார் உங்களைத் திட்டவே இல்லைன்னு சொன்னாரே.”

“திட்டல. ஒரு வார்த்தை சொல்லலதான்.” அவள் தொட்டியைப் பார்த்தாள். “எட்டு மாசம் ஒரு வார்த்தை சொல்லல. சாமான் வேணும்னா சீட்டுல எழுதி வைப்பாவ. நான் சோறு வச்சா, நான் அடுக்களைக்குள்ள போன பொறவுதான் வந்து சாப்பிடுவாவ. நான் உயிரோட இருந்தது அந்த வீட்டுல யாருக்குத் தெரிஞ்சுது?”

பிள்ளையின் சட்டை ஒன்றை எடுத்துப்போகத்தான் முதல் தடவை வந்தாளாம். விடுதிக்குச் சாமான் வாங்க மாதம் ஒருதரம் டவுனுக்கு வருவாள். பின்வாசல் கொண்டியை வெளியிலிருந்து கம்பியால் நெம்பத் தெரியும். வந்த இடத்தில் செடிகள் அழுகிக் கிடந்தன. “அதுங்க என்ன செஞ்சிச்சி? பாத்துட்டு எப்படிப் போவ?” என்றாள்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சியோடு இருந்தது. “அவியகிட்ட சொல்லிராதீங்க டீச்சர்.”

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

சத்தியத்தை மீறினேன்

இரண்டு வாரம் காப்பாற்றினேன். அதற்குள் ஞானராஜ் சார் தினமும் வேலை முடிந்து பழைய பாலத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார். நேரம் கழித்துத்தான் சைக்கிள் சத்தம் கேட்கும். கேட்கிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமை வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“அந்த மனுஷனுக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னா, நீ ஆயுசுக்கும் தூங்கமாட்ட. போய்ச் சொல்லு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சொன்னேன். “சார், நான் எஸ்தரக்காவைப் பார்த்தேன்.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “நீங்களும் பாத்தீங்களா? பேசினாளா?”

“பேசினாங்க. சார், அவங்க உயிரோட இருக்காங்க.”

“ஆமா, ஆமா” என்று தலையாட்டினார். “இருக்கா. எனக்குத் தெரியும்லா.”

நான் சொன்னது அவருக்குள் போகவே இல்லை. விடுதி இருக்கும் ஊரைச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன். அறுந்த செருப்பைச் சொன்னேன். செருப்பு என்றதும் அவர் முகம் மாறிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“பாத்தேன் டீச்சர்” என்றார் அமைதியாக. “ஒரு அம்மா பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு நின்னுச்சி. வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். என்னைப் பாத்துச்சி. பாத்துட்டு உள்ள போயிட்டுது.”

“அது…”

“அது அவ இல்ல. எஸ்தரா இருந்தா ஒரு வார்த்தை பேசியிருப்பா.”



ஈரச் சட்டை

அதன் பிறகு எஸ்தர் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். செடிகள் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி, காற்றுப் பட்ட இடத்தில் பச்சையாகித் தடித்தன. கீழே தண்டு கறுத்து, இலை உதிர்ந்து, தண்ணீரில் நாற்றம் வந்தது. ஞானராஜ் சார் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நானே போய் வெட்டி நட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். அந்தப் பொய்யைச் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு அரைநாள் விடுமுறையில் சமைத்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின்வாசல் திறந்திருந்தது. சந்துச் சுவரில் அவருடைய சைக்கிள் சாய்ந்து நின்றது.

இறங்கிப் போய், கதவிடுக்கில் பார்த்தேன்.

அவர் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக்கூட விடாமல் கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். கையில் கத்தரிக்கோல். கணு பார்த்து வெட்டினார். அடி இலையைக் கிள்ளினார். சாய்த்து நட்டார். வெட்டத் தெரியாது என்று சொன்ன மனிதர். உதடு எதையோ பேசிக்கொண்டே இருந்தது. முகத்தில் சிவப்பு வெளிச்சம் ஆடிற்று. கண்கள் எதிலும் நிலைக்கவில்லை.  சத்தமில்லாமல் மாடிக்கு ஏறிவிட்டேன். சற்று நேரத்தில் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் கீழே இருந்து கூப்பிட்டார். “டீச்சர்! சீக்கிரம் வாங்க!”

போனேன். தொட்டியைக் காட்டினார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

“பாத்தீங்களா? வந்திருக்கா.”

அவர் சட்டையின் வலது கை, முழங்கை வரைக்கும், இன்னும் முழுசாகக் காயவில்லை. நான் அதைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். குனிந்து தன் கையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காதவர் போல மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நடிக்கிற முகம் இல்லை அது. ஆணையிட்டுச் சொல்வேன்.

“ஆமா சார்” என்றேன். “நல்லா நட்டிருக்காங்க.”

பாலத்துக்குப் போவதை அவர் அன்றோடு விட்டுவிட்டார். ஒரு நேரமாவது சாப்பிட்டார். மாதாமாதம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் போய்ப் பார்த்தேன்.

விடுதியில்

அந்த வருஷப் பள்ளி முடிந்ததும் எனக்கு ஆறுமுகநேரிப் பக்கமே வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்த மறுநாள் உடன்குடிக்குப் பஸ் ஏறினேன். சத்தியத்தை மீறியவள் நேரில் போய் முகத்தைக் காட்டாமல் இருக்கக் கூடாது என்று தோன்றிற்று.

எஸ்தர் கிணற்றடியில் சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலிக்கு அப்பால் நின்று அவர் என்ன நினைத்தார் என்பதை, மூன்று மாதம் செடி அழுகியதை, அவர் யாரிடமோ பேசிக்கொண்டே வெட்டி நட்டதை, ஈரச் சட்டையை.

“அவியளா வெட்டுதாவ?” என்றாள். இரண்டு தடவை கேட்டாள்.

“அவர்தான். ஆனா அவருக்கே அது தெரியல அக்கா. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசினாப் போதும். நானும் கூட வாரேன்.”

அவள் வாளியைக் கிணற்றடிக் கல்லில் இறக்கி வைத்தாள். தேரிக் காற்றில் பனையோலைகள் உரசிக்கொண்டிருந்தன. நான் அவள் அழுவாள் என்று காத்திருந்தேன்.

“வேலிக்கு அந்தப் பக்கம் அவிய நின்ன அன்னைக்கு, கூப்பிடுவாவன்னுதான் நானும் உள்ள போய்க் கதவோரமா நின்னேன்” என்றாள். “பஸ் போற சத்தம் வரைக்கும் நின்னேன்.”

பிறகு சொன்னாள். “இனி நான் வரல டீச்சர். அவியளுக்கு வந்துக்கிட்டு இருக்கவ ஒருத்தி இருக்கா. அவகிட்ட பேசுதாவளே. அது போதும்.”

“ஏளா, கண்ண மூடிக்கோ” என்று முன்னால் நின்ற பெண்குழந்தையிடம் சொல்லி, வாளியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அதன் தலையில் ஊற்றினாள்.